சோறு போட்டால் போதுமா? உழைப்பவரிடம் கிறிஸ்தவ இரக்கம் செயல்படும் விதம்

கிறிஸ்தவர்களின் இரக்கம் என்றால் பலருக்கும் மனதில் வருவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் விதவைகளுக்குச் சேலை கொடுப்பதும், முதியோர் இல்லத்தில் பிரியாணிப் பொட்டலம் வழங்குவதும்தான். சபைக்குள் இருப்பவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களில் சிலர், அது மதம் மாற்றப் போடும் தூண்டில் என்கிறார்கள். பாராட்டுகிறவரும் குறை சொல்கிறவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இரக்கம் என்பது இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பது, அவ்வளவுதான் என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள்.

கொடுப்பது அதில் பாதி. உழைத்தவருக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைக்காமல் இருப்பதும், பிடித்து வைப்பவரைத் தட்டிக் கேட்பதும் மறு பாதி. வேதாகமத்தில் இந்த மறு பாதி தெளிவாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்தான் அது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

இதை விளக்க 1888 முதல் சில ஆண்டுகள் கிழக்கு லண்டனில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். சோறு போட்ட கிறிஸ்தவர்கள், கூலிக்காகப் பேசிய கிறிஸ்தவர்கள், கூலியைப் பிடித்துக்கொண்ட கிறிஸ்தவர்கள் என எல்லோரும் அங்கே சில மைல் சுற்றளவுக்குள் ஒரே காலத்தில் இருந்தார்கள். அதனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஒழுகும் கூரை

ஓட்டு வீடு, ஐப்பசி மழை. இரண்டு ஓடு உடைந்து நடுவீட்டில் ஒழுகுகிறது. உடனே ஒரு குண்டானை எடுத்துக் கீழே வைக்கிறோம். அது சரியான வேலைதான். கொட்டுகிற மழையில், ஓடு மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு என்று பேசிக்கொண்டு நின்றால் பாயும் துணிமணியும் நனைந்துவிடும்.

மழை விட்ட பிறகும் யாரும் கூரையில் ஏறவில்லை என்றால்? அடுத்த வருஷமும் குண்டான், அதற்கடுத்த வருஷமும் குண்டான். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் ஓட்டை மாற்றாமல், தீபாவளிக்குத் தீபாவளி ஒரு புதுக் குண்டான் வாங்கிக் கொடுத்துவிட்டு நல்ல பெயரும் எடுத்துக்கொண்டால்?

குண்டான் வைப்பதை நிவாரணம் என்று சொல்லலாம். பசி, நோய், குளிர் மாதிரி இப்போதே தீர்க்க வேண்டிய துன்பத்தை இப்போதே தீர்ப்பது. ஓடு மாற்றுவது நீதி. அந்தத் துன்பம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமான ஏற்பாட்டை மாற்றுவது. கிறிஸ்தவப் போதனையில் இரக்கம் என்பதற்குள் இரண்டும் அடக்கம். ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றதிலிருந்து விடுதலை கிடைத்துவிடாது.

வேதாகமம் கூலியை எந்த இடத்தில் வைக்கிறது

'உன்னைப்போல் பிறனையும் நேசி' என்ற கட்டளை எல்லோருக்கும் தெரியும். இயேசு அதைப் புதிதாகச் சொல்லவில்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் 18ஆம் வசனமாக இருந்ததை எடுத்துச் சொன்னார். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால், 13ஆம் வசனத்தில், கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன் கையில் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. பிறனை நேசிப்பது எப்படி என்பதற்கு அங்கேயே கொடுத்திருக்கும் உதாரணங்களில் ஒன்று, சாயங்காலமே கூலியைக் கொடுத்துவிடுவது.

உபாகமம் 24ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் சொல்கிறது. அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் அவன் ஜீவன் இருக்கிறது, ஆகையால் பொழுது சாய்வதற்கு முன்னால் கொடுத்துவிடு. அவன் உன் ஜனத்தானாக இருந்தாலும் சரி, உன் ஊரில் வந்து பிழைக்கும் அந்நியனாக இருந்தாலும் சரி. வெளி மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வருபவர்களை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

லேவியராகமத்தின் அதே அதிகாரம் இன்னொன்றும் சொல்கிறது. வயலை அறுக்கும்போது ஓரத்தை முழுதும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியது. வேதாகமத்தில் வரும் ஏழை விதவை ரூத் கதிர் பொறுக்கப் போனது இந்தச் சட்டத்தின்படிதான். வயல்காரர் மனமிரங்கிக் கொடுத்தால்தான் என்று இல்லை. அவர் நல்லவரோ இல்லையோ, ஓரத்துக் கதிர் அவருடையது இல்லை.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு இன்னும் கடுமையாகப் பேசுகிறார். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்று பணக்காரர்களைப் பார்த்துச் சொல்கிறார். இங்கே கூலி என்பது கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பவரை யாரும் தர்மவான் என்று சொல்வதில்லை. கடனைக் கொடுக்காமல் பிச்சை போடுபவரை என்னவென்று சொல்வது?

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நிவாரணமும் நீதியும் இரக்கத்தின் இரண்டு வேலைகள். வேதாகமம் கூலியை நீதியின் பக்கம் வைக்கிறது. இனி லண்டனுக்குப் போவோம்.

தீப்பெட்டிப் பெண்கள், 1888

கிழக்கு லண்டனில் போ என்ற பகுதியில் பிரையன்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அதைத் தொடங்கிய இருவரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். நேர்மைக்கும் எளிமைக்கும் பேர் பெற்ற பிரிவு அது. 1888 வாக்கில் தொழிற்சாலை பங்குகள் விற்கும் கம்பெனியாகிவிட்டது. பங்குதாரர்களில் பாதிரியார்களும் இருந்தார்கள். 20 சதவீதத்துக்கு மேல் லாபப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தது.

வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகளும் இளம்பெண்களும். 16 வயதுப் பெண் ஒருத்திக்கு வாரம் 4 ஷில்லிங். அதில் 2 ஷில்லிங் ஓர் அறைக்கு வாடகையாகப் போய்விடும். மீதியில் அபராதம். கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ், மேசையடியில் குப்பை இருந்தால் 3 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். இதைவிட மோசமானது மருந்து. குச்சி முனையில் வைக்கும் வெண் பாஸ்பரஸின் புகை, சொத்தைப் பல் வழியாகத் தாடைக்குள் இறங்கி எலும்பையே அழுக வைத்தது. முகம் உருக்குலைந்து செத்தவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் வேலை செய்த இடத்திலேயே சாப்பிட்டதால் விஷம் சோற்றோடும் உள்ளே போனது.

இதை வெளியே கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். நமக்கு அடையாறு பிரம்மஞான சபையும் சுயாட்சி இயக்கமும் வழியாகத் தெரிந்த அதே பெசன்ட்தான். அப்போது அவர் கிறிஸ்தவர் இல்லை. ஒரு பாதிரியாரின் மனைவியாக இருந்து, விசுவாசத்தை விட்டு, கணவரையும் பிரிந்து வந்தவர். 1888 ஜூனில் அவர் எழுதிய கட்டுரையைப் பொய் என்று கையெழுத்துப் போடச் சொல்லி நிர்வாகம் தொழிலாளர்களை நெருக்கியது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்கியதும் ஜூலை தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியே வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அபராதங்கள் ஒழிந்தன, சாப்பிடத் தனி அறைக்கும் ஒப்புக்கொண்டார்கள். அதோடு அவர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது.

ஒரு கிறிஸ்தவனாக இந்த இடத்தில் எனக்கு வலிக்கிறது. அந்தப் பங்குதாரப் பாதிரியார்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. தங்கள் ஊர் ஏழைகளுக்குப் போர்வை வாங்கிக் கொடுத்துமிருக்கலாம். அந்தப் போர்வைக்கான காசு எந்தப் பெண்ணின் தாடையிலிருந்து வந்தது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. யாக்கோபு சொன்ன கூக்குரலை முதலில் காதில் வாங்கியது சபைக்கு வெளியே இருந்த ஒருவர். இதை மறைத்துவிட்டு கிறிஸ்தவ இரக்கத்தின் பெருமையை மட்டும் பேசுவது சரியாக இருக்காது.

துறைமுக வாசல், 1889

அடுத்த வருஷம் ஆகஸ்ட் மாதம் அதே கிழக்கு லண்டனில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுரண்டல் எப்படி நடக்கிறது என்பது இதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

கப்பல் வந்தால்தான் வேலை. காலையில் வாசலில் கூட்டம் கூடும். மேஸ்திரி வந்து வேண்டியவரைக் கைகாட்டுவார், மற்றவர்கள் திரும்பிப் போவார்கள். எடுக்கப்பட்டவருக்கும் முழு நாள் வேலை என்று உறுதியில்லை. ஒரு மணி நேரத்தில் சரக்கு இறங்கிவிட்டால் அவ்வளவுதான், 5 பென்ஸை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். இப்படி நிரந்தரம் இல்லாமல், அன்றன்றைக்கு, மணிக் கணக்கில் ஆளெடுப்பதை அன்றாடக் கூலி முறை என்று சொல்லலாம்.

இந்த முறையில் முதலாளி யாரையும் அடிக்க வேண்டாம், மிரட்ட வேண்டாம். வாசலில் தேவைக்கு மேல் ஆள் நின்றால் போதும். 5 பென்ஸ் கட்டாது என்று ஒருவர் சொன்னால் பின்னால் நிற்பவர் முன்னால் வந்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, அவர் வீட்டிலும் பிள்ளைகள் பட்டினி.

மில்வால் துறைமுகத்தின் பொது மேலாளரே அக்காலத்தில் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒரு சாட்சியம் சொன்னார். இந்த ஆட்கள் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வேலைக்கு வருகிறார்கள், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் தெம்பு தீர்ந்துவிடுகிறது, அதற்குமேல் நிற்க முடியாமல் தாங்களாகவே கணக்கு முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றார். பசித்ததால் உழைக்க முடியவில்லை, உழைக்க முடியாததால் கூலி குறைகிறது, கூலி குறைந்ததால் மறுநாளும் பசி. நிவாரணத்தையும் நீதியையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. வாசலில் நிற்கும் அந்த மனிதருக்கு இன்றைக்குச் சோறும் வேண்டும், நாளைக்கு நியாயமான கூலியும் வேண்டும்.

அவர்கள் கேட்டது பெரிய தொகை இல்லை. மணிக்கு 5 பென்ஸுக்குப் பதில் 6 பென்ஸ். ஒருவரை வேலைக்கு எடுத்தால் குறைந்தது நாலு மணி நேரக் கூலி. அதாவது வாசலுக்குள் கால் வைத்தால் 2 ஷில்லிங் உறுதி. என் பார்வையில் இரண்டாவது கோரிக்கைதான் முக்கியமானது. ஒரு பென்னி கூடுவதைவிட, இன்றைக்கு வீட்டுக்கு என்ன கொண்டுபோவோம் என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம். மத்தேயு 20இல் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையைப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தங்களை யாரும் கூப்பிடவில்லை என்று பொழுது சாயும்வரை சந்தையில் நின்றவர்களுக்கும் அந்த எஜமான் முழு நாள் கூலியைக் கொடுக்கிறார். அவர்கள் சோம்பேறிகள் என்று கதை சொல்லவில்லை.

வேலைநிறுத்தம் ஒரு மாதம் நீடித்தது. லட்சம் பேருக்கும் மேல் வெளியே நின்றார்கள். பென் டில்லட், ஜான் பர்ன்ஸ், டாம் மேன் ஆகியோர் தலைவர்கள். பட்டினி நெருக்கியபோது ஆஸ்திரேலியத் தொழிலாளர்களும் பொதுமக்களும் சுமார் 30,000 பவுண்டு அனுப்பினார்கள். வில்லியம் பூத் தொடங்கிய இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு, கிழக்கு லண்டனில் தான் நடத்திய உணவுச்சாலைகளில் அற்ப விலைக்குச் சாப்பாடு கொடுத்தது. இந்த இடத்தில் நிவாரணம் நீதிக்குத் துணை நின்றது. வயிற்றில் ஏதாவது இருந்தால்தான் ஒருவர் 'முடியாது' என்று சொல்லி நிற்க முடியும்.

81 வயது கர்தினால்

இந்த நேரத்தில் உள்ளே வந்தவர் வெஸ்ட்மின்ஸ்டரின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் ஹென்றி எட்வர்டு மானிங். வயது 81. அவருடைய அப்பா வெஸ்ட் இண்டீஸ் சர்க்கரை வணிகர். அடிமைத் தோட்டங்களில் பங்கு வைத்திருந்தவர், இங்கிலாந்து வங்கியின் தலைவராகவும் இருந்தவர். துறைமுக இயக்குநர்கள் எந்த வர்க்கமோ அந்த வர்க்கத்தில் பிறந்தவர் மானிங். தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள், அதாவது அவருடைய மந்தை. இரண்டு பக்கமும் அவரால் போக முடிந்தது.

6 பென்ஸ் கொடுக்க இயக்குநர்கள் ஒருவழியாக இறங்கி வந்தார்கள். ஆனால் ஜனவரி 1 முதல்தான் என்றார்கள். தொழிலாளர்களோ இப்போதே வேண்டும் என்றார்கள். நடுவில் நின்று பேசிய லண்டன் ஆங்கிலிக்கன் ஆயர் டெம்பிள் ஒரு கட்டத்தில் விலகிவிட்டார். மானிங் விலகவில்லை. செப்டம்பர் 10 அன்று பாப்லர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போய், வேலைநிறுத்தக் குழுவோடு மணிக் கணக்கில் உட்கார்ந்து பேசினார். நவம்பர் 4 என்று ஒரு தேதியை முன்வைத்து ஒத்துக்கொள்ள வைத்தார். செப்டம்பர் 14இல் உடன்பாடு கையெழுத்தானது.

இப்படி இரு தரப்பும் நம்பும் ஒருவர் நடுவில் உட்கார்ந்து வழக்கைத் தீர்ப்பதுதான் சமரசம். அதை நடுநிலை என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. மானிங் நடுநிலையாளர் இல்லை. உழைப்பவரின் உரிமைகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசி வந்தவர். எந்தப் பக்கம் நியாயம் என்று தெரிந்துகொண்டுதான் சமரசம் பேசினார். 'சபை அரசியலில் தலையிடக் கூடாது' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வாசலில் தலையிடாமல் இருந்திருந்தால், அதுவும் ஒரு பக்கத்துக்குச் செய்த உதவியாகத்தான் ஆகியிருக்கும், 5 பென்ஸ் கொடுத்தவர்களின் பக்கத்துக்கு.

அந்த உடன்பாட்டோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்றாடக் கூலி முறை பிரிட்டிஷ் துறைமுகங்களில் முழுதும் ஒழிய 1967 ஆனது.

ஒத்துக்கொண்டால் நியாயமாகிவிடுமா?

கூலியைப் பற்றிப் பேசினால் உடனே வரும் பதில், 'அவன்தானே இந்தச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு வந்தான், யார் கட்டாயப்படுத்தினார்கள்?' என்பது. கிறிஸ்தவர்களே இப்படிச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ உழைப்பாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். சுற்றுமடல் என்பது திருத்தந்தை சபை முழுவதற்கும் எழுதும் போதனைக் கடிதம். லத்தீனில் இதன் பெயர் ரேரும் நோவாரும். மானிங் போன்றவர்களின் வேலை இதற்கு வழி போட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவதுண்டு. தனிச் சொத்துரிமையை அது ஆதரிக்கிறது, சோஷலிசத்தை மறுக்கிறது. ஆகவே புரட்சிப் பிரசுரம் என்று ஒதுக்க முடியாது. அப்படிப்பட்ட மடல்தான் கூலி விஷயத்தில் இப்படிச் சொல்கிறது: இருவரும் பேசி ஒத்துக்கொண்டதால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது. சிக்கனமாக, ஒழுங்காக வாழும் ஓர் உழைப்பாளி பிழைக்கப் போதுமானதாக அது இருக்க வேண்டும். வேறு வழியில்லாமலோ இன்னும் மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தாலோ ஒருவர் குறைவுக்கு ஒத்துக்கொண்டால், அவர் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவர். உழைப்பவர்கள் சங்கம் சேர்வது அவர்களுடைய உரிமை.

இதைத்தான் நியாயக் கூலி என்று சொல்கிறோம்: சந்தையில் ஆள் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறார் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், உழைப்பவர் மனிதராக வாழ என்ன தேவை என்பதையும் வைத்து நிர்ணயிக்கும் கூலி. மில்வால் வாசலை நினைத்தால் மடல் எதைப் பற்றிப் பேசுகிறது என்று உடனே புரியும். அங்கே நின்ற ஒவ்வொருவரும் 'சம்மதித்துத்தான்' உள்ளே போனார்.

நீதி இல்லாமல் நிவாரணம் மட்டும் போய்க்கொண்டிருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கிலாந்து அதை முன்பே பார்த்திருந்தது. 1795 முதல் பல ஊர்களில் விவசாயக் கூலிகளுக்குச் சம்பளம் போதாதபோது, ரொட்டி விலையைக் கணக்கிட்டு, ஊர் வரியிலிருந்து மீதியைக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று பண்ணைக்காரர்கள் கூலியைக் குறைத்தே வைத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. ஒரு சபை தொழிற்சாலை வாசலில் வருஷக் கணக்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு, உள்ளே என்ன கூலி என்று ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்தால், அந்தக் கஞ்சியில் பாதி முதலாளிக்குப் போகிறது. கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை, கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன்.

சுருக்கமாக: சுரண்டல் நடக்கக் கொடுமைக்காரர் தேவையில்லை, வேறு வழியில்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தால் போதும். சம்மதம் மட்டும் கூலியை நியாயமாக்காது.

சிவப்பு பாஸ்பரஸ்

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. கூலி கொடுக்கச் சொல்வதோடு நிற்காமல், கொடுத்துக் காட்டுவது.

1891இல் வில்லியம் பூத் கிழக்கு லண்டனில் ஓல்டு ஃபோர்டு என்ற இடத்தில் இரட்சணிய சேனையின் சொந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் திறந்தார். சேனை என்றால் நம் ஊரில் பலருக்கு நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனை ஞாபகம் வரும். அந்தக் கேதரின், பூத்தின் மனைவி. தீப்பெட்டிப் பெண்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசி வந்தவர். தொழிற்சாலை திறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் காலமானார்.

அந்தத் தொழிற்சாலையில் வெண் பாஸ்பரஸ் கிடையாது. தாடையைத் தின்னாத சிவப்பு பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள், அது விலை கூடுதல். ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, மற்ற இடங்களில் 2 பென்ஸுக்குச் சற்று மேலே கூலி கொடுத்தபோது இங்கே 4 பென்ஸ் கொடுத்தார்கள். எனவே பெட்டியின் விலையும் கூடியது. வாங்குபவர்கள் அதைச் சுமக்க வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் போய் இந்தத் தீப்பெட்டிதான் வேண்டும் என்று விடாமல் கேளுங்கள் என்று சேனை மக்களைக் கேட்டுக்கொண்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பத்திரிகையாளர்களையும் பூத் அழைத்துப்போய், நோய் கண்ட தொழிலாளர்களின் வீடுகளைக் காட்டினார்.

சேனையின் தொழிற்சாலை வியாபாரமாக நீண்ட நாள் நிற்கவில்லை, பத்தாண்டுகளில் மூடப்பட்டது. ஆனால் அது ஒரு பொய்யை உடைத்துவிட்டது. வெண் பாஸ்பரஸ் இல்லாமல் தொழில் நடத்தவே முடியாது என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியவில்லை. 1898இல் பிரையன்ட் அண்ட் மே நிறுவனம், தன் தொழிலாளர்களுக்கு வந்த தாடை நோயை அரசிடம் மறைத்ததற்காக அபராதம் கட்டியது. 1901இல் வெண் பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தடைக்கு உடன்பாடு செய்தன. பிரிட்டன் 1908இல் சட்டம் போட்டது. பெசன்டின் கட்டுரையிலிருந்து கணக்கிட்டால் 20 வருஷம். இதில் பெசன்டுக்கும், வேலையைத் துறந்து தெருவில் நின்ற பெண்களுக்கும், பூத்துக்கும் பங்கு உண்டு. முழுப் பெருமையையும் சேனைக்குக் கொடுப்பது நியாயமாகாது.

தூண்டில் என்ற சந்தேகம்

உதவி என்பது மதம் மாற்றப் போடும் தூண்டில் என்ற சந்தேகத்தை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. உதவியைக் காட்டி விசுவாசத்தை வாங்கப் பார்த்தவர்கள் கிறிஸ்தவ வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். கஞ்சியோடு பாட்டும் பிரசங்கமும் சேனையின் வழக்கம், பூத் அதை ஒளித்ததும் இல்லை.

ஆனால் நீதிக்கான வேலையில் இந்தச் சந்தேகம் தானாகவே வலுவிழக்கிறது. 6 பென்ஸ் ஒப்பந்தம் கத்தோலிக்கருக்கு மட்டும் பொருந்தவில்லை. சபைக்கே போகாதவருக்கும் அதே கூலி, யூதருக்கும் அதே கூலி. வெண் பாஸ்பரஸ் தடை எந்தத் தாடை யாருடையது என்று பார்க்கவில்லை. பொட்டலத்தை ஆள் பார்த்துக் கொடுக்கலாம், சட்டத்தையும் கூலி விகிதத்தையும் அப்படிக் கொடுக்க முடியாது. வாங்குபவர் யாருக்கும் தலை வணங்க வேண்டியதும் இல்லை, அது அவருடைய உரிமை. ஏழையின் மானம் காப்பாற்றப்படுவது இங்கேதான்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இலங்கையில் உண்டு. லண்டன் துறைமுகங்களில் இறங்கிய சரக்கில் மலையகத் தேயிலையும் இருந்தது. அதைக் கிள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1972இல் கண்டியில் சத்யோதய என்ற மையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு பால் கஸ்பர்ஸ், அவர்களுடைய கூலிக்காகவும் குடியுரிமைக்காகவும் பல பத்தாண்டுகள் உழைத்தார். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். இந்துக்களாகவே இருந்தார்கள்.

சபையே முதலாளி ஆகும்போது

பூத்தின் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. லண்டனில் ஹான்பரி தெருவில், வேலையில்லாதவர்களுக்கு உதவியாகச் சேனை ஒரு தச்சுப்பட்டறை நடத்தியது. 1907 முதல் சில ஆண்டுகள் தச்சர்களின் தொழிற்சங்கம் அதன்மேல் குற்றம் சாட்டியது. சோறும் படுக்கையும் கொடுத்து மிகக் குறைந்த காசுக்கு வேலை வாங்குகிறீர்கள், வெளியில் இருக்கும் தச்சர்களின் கூலியையும் இது கெடுக்கிறது என்று சொன்னது. நாங்கள் நடத்துவது தொண்டு என்றது சேனை. தீப்பெட்டிக்கு 4 பென்ஸ் கொடுத்துக் காட்டிய அதே இயக்கம்.

தொண்டு என்ற பெயர் வந்தவுடன் கூலிக் கணக்கு மங்கிப்போவது லண்டனில் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை. நம் ஊரில் சபைகள் பள்ளி நடத்துகின்றன, கல்லூரி, மருத்துவமனை, விடுதி எல்லாம் நடத்துகின்றன. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவைதான் முதலாளி. ஆயாக்கள், காவலாளிகள், விடுதிச் சமையற்காரர்கள், தொகுப்பூதிய ஆசிரியர்கள், கோயில்பிள்ளைகள். 'இது கர்த்தருடைய ஊழியம், சம்பளத்தைப் பெரிதாக நினைக்கலாமா' என்ற வார்த்தை அவர்களிடம் சொல்லப்படுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். 1971இல் ரோமில் கூடிய கத்தோலிக்க ஆயர் மாமன்றம் இதற்கு நேராகவே பதில் சொன்னது. நீதியைப் பற்றி மற்றவர்களிடம் பேசத் துணிபவர் முதலில் அவர்கள் கண்ணில் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்றும், சபைக்காக உழைப்பவர்களுக்குப் போதுமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்றும் எழுதியது.

ஆகவே எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் சபைக்கு என் பதில், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டம். கிறிஸ்துமஸ் சேலைப் பட்டியல் வாசிக்கப்படும் அதே கூட்டத்தில் சம்பளப் பதிவேட்டையும் திறந்து வைக்கலாம். பெருக்குபவருக்கு மாதம் என்ன தருகிறோம், எந்தத் தேதியில் தருகிறோம், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறோமா, பிடித்ததைக் கட்டினோமா, அவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி உண்டா என்று பார்க்கலாம். பாக்கி ஏதாவது இருந்தால், சேலை வாங்குவதற்கு முன்னால் அதைக் கொடுத்துவிட வேண்டும்.